கிடாவுக்கு ஒண்ணு, அவருக்கு ஒண்ணு

அக்கா, கொஞ்சம் பிள்ளையைப் பிடிங்க. ஒரு கையால் கம்பியைப் பிடிப்பேனா, இவளைப் பிடிப்பேனா? இந்த டிரைவர் அண்ணன் பிரேக் போடுகிற போடுக்கு நான் அவர் மடியிலேயே போய் விழுந்துவிடுவேன் போல. பயப்படாதீங்க, அழ மாட்டாள். யார் மடியில் விட்டாலும் சிரிப்பாள், என்னை மாதிரி. காலால் மட்டும் உதைப்பாள், அது அவள் அப்பனை மாதிரி. இந்த மஞ்சப்பையும் உங்க காலடியிலேயே இருக்கட்டும்.

கையா? கிடா முட்டிருச்சுக்கா.

ஆடு வளர்க்கிற வீட்டில் இதெல்லாம் சகஜம்தானே. போன வெள்ளிக்கிழமை. மாவுக்கட்டு போட்டுவிட்டு, இன்றைக்கு வந்து காட்டச் சொன்னார்கள். அங்கேதான் போகிறேன்.

கழுத்தில் அட்டை தொங்குதே, நீங்க பெரியாஸ்பத்திரி நர்சம்மாவா? அட, நல்லதாப் போச்சு. உங்ககிட்ட ஒரு சந்தேகம் கேட்கணும். டாக்டரிடம் கேட்டால் ‘யாருக்கு, எதுக்கு’ என்று ஆயிரம் கேள்வி வரும். ஆம்பளை ஹார்மோன் ஊசி இருக்கே, ஒடம்பை ஏத்துறதுக்குப் போடுறது, அதை நிறுத்தினப்புறம் எவ்வளவு காலம் ஒடம்புக்குள்ள தங்கும்? இருங்க இருங்க, இப்பவே சொல்லாதீங்க. பாதிக் கதை கேட்டுவிட்டுச் சொல்கிற பதில் எனக்கு வேண்டாம். போகிற வழியில் புளியங்குளம் விலக்கு வரும். அது எங்க அம்மா ஊர். அதற்குள் சொல்லி முடித்துவிடுவேன். அங்கே இறங்கப் போவதில்லை, டிக்கெட் ஆஸ்பத்திரிக்குத்தான். சாயந்திரம் இதே வண்டியில் வீட்டுக்குத் திரும்பணும். ஒரு அடையாளத்துக்குச் சொன்னேன்.

எங்க வீட்டுக்காரர் பேர் ஒச்சப்பன். வெறுமனே ஒச்சப்பன் என்றால் யாருக்கும் தெரியாது. ‘கருவாயன் ஒச்சப்பன்’ என்று சொல்லணும். கருவாயன் யாரென்றால் அவருடைய சண்டைக் கிடா. கச்சைக்கட்டிக் கருப்பு ஜாதி. கொம்பு ரெண்டும் முறுக்குச் சுற்றினது மாதிரி இருக்கும். நெற்றி அம்மிக்கல். முட்டு விளையாட்டில் இறக்கிவிட்டால் எதிர்க்கிடா புறமுதுகு காட்டுகிற வரைக்கும் ஓயாது.

நான் கல்யாணமாகிப் போன அன்றைக்கு, என்னை வாசலில் நிற்க வைத்துவிட்டு முதலில் கிடாவுக்குத்தான் ஆரத்தி எடுத்தார்கள். சத்தியமா. எங்க அத்தை, அதாவது மாமியார், “அதுக்குக் கண்ணு பட்டிரும்டி” என்றார். “எனக்குப் படாதா அத்தை?” என்றேன். “ஒனக்கெல்லாம் யாரு வைக்கப் போறா?” என்றார். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. மணப்பெண் இப்படியா சிரிப்பாள் என்று அதற்கும் ஒரு பேச்சு.

எங்க அப்பாவால் நகை அதிகம் போட முடியவில்லை. பெட்டை ஆடுகளாகக் கொடுத்து அனுப்பினார். நான் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பத்தாவது வரைக்கும் படித்தேன். அதைவிட ஆட்டுக்கு ஊசி போடப் படித்ததுதான் கைகொடுத்தது. நரம்பு பார்த்து, சதை பார்த்து, துள்ளாமல் போட்டுவிடுவேன்.

முட்டுக்கிடாவுக்குப் பருத்திக்கொட்டை, பேரீச்சம்பழம், கோழிமுட்டை எல்லாரும்தான் கொடுக்கிறார்கள். எங்க வீட்டுக்காரர் அதற்கு மேல் ஒன்று கொடுத்தார். டவுனில் ஒரு ஜிம். அதில் ஒரு மாஸ்டர். அவருக்குக் கழுத்தே கிடையாது, தலை நேராகத் தோளில் உட்கார்ந்திருக்கும். அவர்தான் ஊசிக் குப்பியைக் கொடுத்து, “ஆம்பளத்தனத்தை அப்படியே பிழிஞ்சு அடைச்சது மாப்ள. மனுசனுக்கே இந்த ஏத்து ஏத்துதுன்னா கிடாவுக்கு எப்படி ஏத்தும்னு பாரு” என்றாராம்.

ஏற்றியது. கழுத்து தூண் மாதிரி ஆனது. தண்ணீர்த் தொட்டியை முட்டி உடைத்தது. வெயிலில் தன் நிழலையே முட்டிக்கொண்டு சுவரில் போய் மோதியது. அத்தையை ஒரு தடவை சாணிக் குழிக்குள் தள்ளியது. அந்த ஒன்றுக்கு மட்டும் நான் அதைக் குறை சொல்ல மாட்டேன்.

இப்போது ஒரு சிக்கல். கிடாவுக்குப் பலம் ஏறிவிட்டால் கயிற்றைப் பிடிக்கிறவனுக்கும் ஏற வேண்டாமா? கிடாவை அவிழ்த்து விடுவது பெரிய வேலை இல்லை. ஜெயித்த வெறியில் நிற்பதை இழுத்துப் பிடிப்பதுதான் வேலை. ஒரு விளையாட்டில் இவரைத் தரையோடு தரையாக இழுத்துக்கொண்டு போய்விட்டது. வேட்டி ஒரு பக்கம், இவர் ஒரு பக்கம். ஊரே சிரித்தது. அதற்கப்புறம் கிடாவுக்கு ஒண்ணு, அவருக்கு ஒண்ணு. ஒரே குப்பி.

இடுப்புக்குப் பின்னால் போடுகிற ஊசி, அவருக்குக் கை எட்டாது. நான்தான் போடுவேன். எண்ணெய் மாதிரி கெட்டியான மருந்து, மெதுவாக அழுத்தணும். முதலில் கிடாவுக்கு, அப்புறம் ஊசியை மாற்றிவிட்டு அவருக்கு. ரெண்டு பேரும் ஒரே மாதிரி கண்ணை மூடிக்கொள்வார்கள்.

முட்டு விளையாட்டுக்குப் பொம்பளைகள் போவதில்லை. நான் தண்ணீர் கொண்டு போகிற சாக்கில் ஒரு தடவை போனேன். தென்னந்தோப்பு. எதிர்க்கிடா ஒரு செவலை. பின்னால் போய், பின்னால் போய், ஓடி வந்து மோதுகிற சத்தம் இருக்கே, தேங்காயைப் பாறையில் அடிப்பது மாதிரி. ஒவ்வொரு மோதலுக்கும் ஆம்பளைகள் ‘ஓய்’ என்று கத்துகிறார்கள். செவலைக்கு மூக்கில் ரத்தம். காலை ஊன்ற முடியவில்லை. “போதும்ப்பா, பிரிச்சு விடுங்க” என்றார் நடுவராக நின்ற பெரியவர். இவர் கயிற்றை எடுக்கவே இல்லை. “இன்னொண்ணு” என்றார். அந்த இன்னொண்ணில் செவலையின் கொம்பு வேரோடு வந்துவிட்டது. முன்னங்காலை மடக்கி, சாமி கும்பிடுகிற மாதிரி உட்கார்ந்து, அப்படியே செத்தது. கருவாயன் அதற்குப் பிறகும் விடவில்லை. சொந்தக்காரன் செத்த கிடாவை மடியில் போட்டு அழுதுகொண்டிருக்கிறான், அவன் மடியோடு சேர்த்து முட்டியது. அவனுக்கு விலா எலும்பு போய்விட்டது.

எங்களுக்குப் பித்தளை அண்டா பரிசு. இவள் பிறந்தபோது அதில்தான் வெந்நீர் போட்டேன். நல்ல கனமான அண்டா.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து, “அவங்க சொன்னப்பவே பிரிச்சிருக்கலாம்ல மாமா” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். கன்னத்தில் விழுந்தது. காதுக்குள் ரொம்ப நேரம் வண்டு பறந்தது. அவரே பயந்துபோய்த் தன் கையைப் பார்த்தார். எனக்குப் பாவமாக இருந்தது. அதுதான் முதல் அடி.

அதற்கு முன்னாலா? இல்லை இல்லை. தள்ளிவிட்டிருக்கிறார். கல்யாணமான புதிதில் ஒரு தடவை சோற்றுத் தட்டை வீசியிருக்கிறார், புருவத்தில் ரெண்டு தையல். அதெல்லாம் அடியில் சேர்த்தி இல்லையே.

செவலையைச் சாய்த்ததும் கருவாயன் பேர் சுற்றுவட்டாரமெல்லாம் போய்விட்டது. அது மாதிரி குட்டி வேண்டும் என்று ஆளாளுக்குப் பெட்டை ஆட்டை ஓட்டிக்கொண்டு பொலிக்கு வந்தார்கள். கருவாயனும் சளைக்கவில்லை. அதில் ஒரு குறையும் இல்லை. வீட்டிலும் குறை இல்லைதான், நர்சம்மாகிட்ட என்ன வெட்கம். ஆனால் ரெண்டு இடத்திலும் வயிறு மட்டும் நிறையவில்லை.

எனக்கு மூன்றாம் வருஷம் நடக்கிறது. அத்தை சோறு போடும்போதுதான் பேசுவார். “ஆடும் திங்குது, அவளும் திங்கிறா. ஆடாவது புழுக்கை போடுது.” அவருக்குத் தம்பி மகள் ஒருத்தி இருந்தாள். தையல் கிளாசுக்குப் போய்க்கொண்டிருந்தாள். “தை பிறந்ததும் பேசி முடிச்சிருவோம். இவ வேணும்னா இருந்து ஆட்டைப் பார்த்துக்கிடட்டும்” என்றார், என்னை வைத்துக்கொண்டே. எங்க வீட்டுக்காரர் கிடாவின் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தார்.

“மாமா, ரெண்டு பேருமாப் போய்ச் சோதிச்சுப் பார்ப்போமே” என்றேன்.

“யாரை? என்னையா?”

கிடா கட்டுகிற கயிறு கைக்குப் பக்கத்தில் இருந்தது. நூல் கயிறுதான், ஆனால் நுனியில் பித்தளை வளையம். முதுகில் அந்த வளையம் பதிந்த தடம் இன்னும் இருக்கு, வட்டம் வட்டமாக, பொட்டு வைத்த மாதிரி. அத்தை வந்து எட்டிப் பார்த்து, “மூஞ்சில படாம அடிடா, நாளைக்குக் கோயிலுக்குப் போகணும்” என்றார். மூஞ்சியில் படவில்லை. அந்த விஷயத்தில் அம்மா பேச்சைத் தட்ட மாட்டார்.

என்னை மலடு என்று சொன்னதைப் பொறுத்துக்கொண்டேன். கொஞ்ச நாளில் என் ஆடுகளையும் சொல்ல ஆரம்பித்தார்கள். எங்க அப்பா கொடுத்த ஆடுகள், ஒரு வருஷம் தவறாமல் குட்டி போட்டவை. இப்போது கருவாயனோடு சேர்த்துவிட்டால் சினை நிற்காமல் திரும்பத் திரும்பக் கத்துகின்றன. அதெப்படிக்கா அத்தனை ஆடும் ஒரே நேரத்தில் மலடாகும்? எனக்கு அங்கேதான் உறைத்தது.

அவர் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த அன்றைக்குக் கருவாயனை மினி வேனில் ஏற்றி மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அங்கே ஹெப்சிபா என்று ஒரு டாக்டரம்மா, நாகர்கோவில் பக்கம். என்னைவிடக் கொஞ்சம்தான் மூப்பு, ஆனால் கோபத்தில் மூத்தவர். கருவாயன் வேன் கதவை முட்டி நசுக்கிவிட்டது. வேன்காரர் கத்து கத்தென்று கத்துகிறார். டாக்டரம்மா வெளியே வந்து, “இந்தாளை வெளிய கட்டு, கிடாவை உள்ள விடு” என்றார்.

கிடாவின் பின்னால் உட்கார்ந்து விதையைப் பிடித்துப் பார்த்தார். “என்னது இது? இம்மாம் பெரிய கிடாவுக்கு இத்தனூண்டா? பஞ்சு மாதிரி கிடக்கு” என்றார். டெய்லர் வைத்திருப்பது மாதிரி ஒரு டேப்பை எடுத்துச் சுற்றி அளந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் சிரிப்பு நின்றுபோனது. வீட்டில் இருக்கிற இன்னொருத்தர் ஞாபகம் வந்துவிட்டது. நான் டேப் வைத்தெல்லாம் அளந்ததில்லை. ஆனால் கட்டின பெண்டாட்டிக்குத் தெரியாதா?

பிறகு விந்தை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்து, “வந்து பாரு” என்றார். “மழைக்குட்டையில தலைப்பிரட்டை நெளியிற மாதிரி நெளியணும்.” ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். வெறும் குட்டைதான் இருந்தது. தலைப்பிரட்டை ஒன்றுகூட இல்லை.

“என்ன ஊசி போட்டீங்க இதுக்கு?”

சொன்னேன். கையுறையைக் கழற்றித் தரையில் அடித்தார்.

“ஆம்பளை ஹார்மோன்தானே டாக்டரம்மா? அது கூடினா விந்தும் கூடத்தானே செய்யணும்?” என்று கேட்டேன். நீங்களே சொல்லுங்க, யாருக்கும் அப்படித்தானே தோன்றும்?

“உங்க ஊர்ல மேல்தொட்டி இருக்கா? தண்ணி நிறைஞ்சா மோட்டார் தானா நிக்கிற சுவிட்ச் இருக்கா?”

“இருக்கு.”

“மூளைக்கு அடியில பயறு அளவு ஒரு சுரப்பி இருக்கு. அதுதான் சுவிட்ச். விதை மோட்டார். ரத்தம் தொட்டி. ரத்தத்துல இந்த ஹார்மோன் குறைஞ்சா சுரப்பி விதைக்கு உத்தரவு அனுப்பும், மோட்டார் ஓடும். இப்ப நீங்க லாரித் தண்ணியைக் கொண்டுவந்து தொட்டியில ஊத்துறீங்க. சுவிட்ச் என்ன நினைக்கும்? தொட்டி நிறைஞ்சிருக்குன்னு மோட்டாரை நிறுத்திரும்.”

“நின்னா என்ன, அதான் தொட்டி நிறைஞ்சிருக்கே?”

“தொட்டித் தண்ணி கழுத்துக்குப் போகும், சதைக்குப் போகும், வெறிக்குப் போகும். கிணத்தடியில நாத்தங்கால் போட்டிருக்கீங்கல்ல, அதுக்கு எங்கருந்து தண்ணி? மோட்டார் வாயிலருந்து நேராத்தானே பாயுது? விந்து முளைக்கிற நாத்தங்கால் அந்த விதைக்குள்ளயேதான் இருக்கு. ரத்தத்துல இருக்கிறதைவிடப் பல மடங்கு ஹார்மோன் அங்க வேணும். அது அங்கயே சுரந்தாத்தான் உண்டு. வெளியிலருந்து எவ்வளவு குத்தினாலும் அந்த அளவு அங்க சேராது. தொட்டி வழியும், நாத்தங்கால் காயும். மோட்டாரும் ஓடாமக் கிடந்து சுருங்கிரும்.”

எங்க ஊர்த் தொட்டியை நான் தினமும் பார்க்கிறேன். எனக்கு எதுவும் விளங்காமல் போகவில்லை.

“ஊசியை நிறுத்திட்டா டாக்டரம்மா?”

“கொஞ்ச காலம் துவண்டு கிடக்கும். சுவிட்ச் முழிக்கணும், மோட்டார் ஓடணும், அப்புறம் விந்து முளைச்சு விளைஞ்சு வரணும். மாசக்கணக்கா ஆகும். சிலதுக்குத் திரும்பாமலே போயிரும்.”

“மனுசனுக்கும் இப்படித்தானா?”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “எந்த மனுசனுக்கு?”

“பக்கத்து வீட்டு அண்ணனுக்கு.”

“அந்த அண்ணன்கிட்டச் சொல்லு, பொண்டாட்டியைக் கரிச்சுக் கொட்டுறதை நிறுத்தச் சொல்லு” என்றார். பக்கத்து வீட்டு அண்ணனுக்குக் கல்யாணமே ஆகவில்லை. சரி, சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

வீட்டில் கிடாவைப் பற்றி மட்டும்தான் சொன்னேன். அவரைப் பற்றி மூச்சு விடவில்லை. கிடாவைச் சொன்னதே அவரைச் சொன்னது மாதிரி ஆகிவிட்டது. “என் கிடாவை ஒருத்தி பிடிச்சுப் பார்க்க விட்டுட்டு வந்திருக்கியா? நாலு பேர் பார்க்கச் சிரிச்சியாடி?” தலைமுடியைப் பிடித்து ஆட்டுத் தொட்டி விளிம்பில் மோதினார். ஒரு பல் போனது. இதோ பாருங்க, சிரித்தால் தெரியும். நான் எந்நேரமும் சிரிப்பதால் எல்லாருக்கும் தெரியும்.

அந்த வாரமே ஆட்டுக்காரர்கள் கூட்டமாக வந்தார்கள். சங்கிலி என்று ஒருத்தன், வாய்க்கொழுப்பு பிடித்தவன், தெருவில் நின்று கத்தினான். “ஏ ஒச்சப்பா, ஒன் கிடாவுக்குக் கொம்பு மட்டும்தான்டா இருக்கு. பொட்டக் கிடாடா அது. சீலை கட்டி விடு!” அதற்குக் கூட்டத்தில் யாரோ, “கிடாவுக்கு மட்டுமா? அவன் வீட்டுலயும்தான் தொட்டில் கட்டல” என்றார்கள். தெருவே சிரித்தது.

இவர் உள்ளே போனார். அரிவாளோடு வந்தார். சங்கிலி ஓடின ஓட்டத்தில் ஒரு செருப்பு எங்க வாசலிலேயே கிடந்தது. ஆனால் இவர் அவனைப் பார்க்கவே இல்லை. கிடாவிடம் போனார். கருவாயன், நெற்றியைத் தடவிவிட வருகிறார் என்று தலையைத் தாழ்த்திக் கொடுத்தது. கழுத்துதான் ஊசியில் தடித்துப் போயிருந்ததே, ஒரு வெட்டில் விழவில்லை. கொம்பில் பட்டது, காதில் பட்டது, தோளில் பட்டது. கிடா கத்தவில்லை, இவர்தான் கத்தினார். வெட்டிக்கொண்டே அழுதார். வெள்ளைச் சுவரெல்லாம் ரத்தம். அத்தை கதவைச் சாத்திக்கொண்டார். கறிக்குக்கூட யாரும் வரவில்லை. நான்தான் கடப்பாரையால் குழி தோண்டிப் புதைத்தேன். அதன் மேல் ஒரு தென்னம்பிள்ளை வைத்தேன். குழியை வீணாக்குவானேன்.

என்னக்கா அப்படிப் பார்க்கிறீங்க? கையையா? சொல்றேன், சொல்றேன். வரிசையா வரட்டும்.

கிடா போன பிறகாவது ஊசியை விடுவார் என்று பார்த்தேன். “கிடாதான் பொட்டையாப் போச்சு, நானும் ஆகணுமா?” என்று இன்னும் கூட்டினார். தை நெருங்குகிறது. வாயைத் திறந்து சொன்னால் அடி. சொல்லாவிட்டால் தம்பி மகள். யோசித்துப் பார்த்தேன். ஊசி போடுகிறது யார்? நான்தானே?

ஆட்டுக்குப் போடுகிற சத்து ஊசி இருக்கே, அதுவும் அதே மஞ்சள்தான். அவருடைய குப்பியில் இருப்பதைச் சிரிஞ்சில் உறிஞ்சி முருங்கை மரத்தடியில் விட்டேன், சத்து ஊசியை அதே குப்பிக்குள் ஏற்றி வைத்தேன். இது தண்ணியாக இருக்கும், சட்டென்று இறங்கிவிடும். அதனால் வேண்டுமென்றே மெதுவாக அழுத்துவேன். அவருக்கு இன்றைக்கு வரைக்கும் தெரியாது. அந்த முருங்கை அந்த வருஷம் காய்க்கவில்லை, அது வேறு விஷயம்.

டாக்டரம்மா சொன்னது சொன்னபடி நடந்தது. மனுஷன் துவைத்துப் போட்ட துணி மாதிரி ஆகிவிட்டார். “ஒடம்பு அசதியா இருக்கு புள்ள” என்று என் மடியில் தலை வைத்துப் படுப்பார். காரணமில்லாமல் கண் கலங்குவார். கை ஓங்கவே இல்லை. அக்கா, என் கல்யாண வாழ்க்கையிலேயே நல்ல காலம் அதுதான். அப்போதுதான் எனக்கு உறுதியாச்சு. என்னை அடித்தது இவர் இல்லை, அந்தக் குப்பி.

தையில் பேசி முடிக்க வேண்டியது. அந்தப் பெண்ணின் தாத்தா செத்துப்போய்ச் சித்திரைக்குத் தள்ளிப்போனது, புண்ணியவான். சித்திரையில் நான் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன். அத்தை நம்பாமல் என் பின்னாலேயே வந்து வாந்தியைப் பார்த்தார். எங்க வீட்டுக்காரர் தெருத்தெருவாகப் போய், “எல்லாம் ஊசியோட பலம்” என்று சொன்னார். ஜிம் மாஸ்டருக்குப் பட்டு வேட்டி எடுத்துக் கொடுத்தார். நான் வாயைத் திறப்பேனா? இன்றைக்குக் காலையில்கூட ஒரு சத்து ஊசிக் குப்பி வாங்கினேன், இந்த மஞ்சப்பையில்தான் இருக்கு.

அப்புறம் ஒடம்பு தேறினார். பழைய பேச்சு வந்தது, மீசை முறுக்கு வந்தது. இவள் வயிற்றில் ஆறாம் மாசம், ஒரு நாள் எட்டி உதைத்தார். வயிற்றில் படவில்லை, தொடையில்தான். சரி, பழைய மருந்து கொஞ்சம் மிச்சம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பொம்பளப் பிள்ளை என்று தெரிந்த அன்றைக்கு என் கட்டிலைக் கவிழ்த்தார். அதுவும் மிச்சம்தான் என்று நினைத்தேன்.

போன வெள்ளிக்கிழமை இவள் அழுதாள். பல் முளைக்குது, வேறொன்றுமில்லை. அவர் டிவியில் கபடி பார்த்துக்கொண்டிருந்தார். “அதை வாயை மூடச் சொல்லு” என்றார். பல் முளைக்கிற பிள்ளைக்கு வாயை மூடத் தெரியுமா? கருவாயனைக் கட்டுகிற முளைக்கம்பி இன்னும் கதவு மூலையில்தான் கிடக்குது. அதை எடுத்தார். எனக்குத்தான் என்று நினைத்து முதுகைத் திருப்பினேன், பழக்கம்தானே. ஆனால் கம்பி என் உயரத்துக்கு வரவில்லை. தாழ்ந்து வந்தது. இவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். கையைக் குறுக்கே கொடுத்தேன்.

ஆமாக்கா. கிடா செத்து ரெண்டு வருஷம் ஆகப் போகுது. கேட்கிறவர்களுக்கெல்லாம் கிடா முட்டிருச்சு என்று சொல்லிப் பழகிவிட்டது. எலும்பு கட்டின டாக்டரிடமும் அதைத்தான் சொன்னேன்.

இப்போ சொல்லுங்க. நான் குப்பியை மாற்றி வர்ற தீபாவளிக்கு ரெண்டு வருஷம். டாக்டரம்மா மாசக்கணக்கு என்று சொன்னது கிடாவுக்கு. மனுஷ ஒடம்பு வேறதானே? இன்னும் எங்காவது கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும்லக்கா? இருக்குன்னு நீங்க சொன்னீங்கன்னா நான் சாயந்திர வண்டியில் திரும்பிருவேன். முழுசா வடியிற வரைக்கும் இருந்து பார்ப்பேன். நான் பொறுமைக்காரி. ஊசி போட்டு ரெண்டு பேரையும் சமாளிச்சவ.

சொல்லுங்கக்கா.

ம்?

ஒரு துளிகூடவா?

எப்படிச் சொல்றீங்க அவ்வளவு உறுதியா? ரத்தத்தைச் சோதிக்காமலே...

இவளை ஏன்க்கா காட்டுறீங்க?

...ஆமா. ஆமால்ல. அது போனாத்தானே மோட்டார் ஓடும். மோட்டார் ஓடினாத்தானே இவ. அப்ப இவ வயித்துல வந்தப்பவே அது போயிருச்சு. அடக் கூறு கெட்டவளே, சாட்சியை இடுப்புலயே தூக்கி வச்சுக்கிட்டு ஊரெல்லாம் கேட்டுக்கிட்டுத் திரியறேன்.

தட்டை வீசினப்ப குப்பியே கிடையாதுக்கா.

அண்ணே! கண்டக்டரண்ணே! விசில் அடிங்க, புளியங்குளம் விலக்குல இறங்கணும். டிக்கெட் ஆஸ்பத்திரி வரைக்கும்னு எனக்கும் தெரியும்ணே, மிச்சத் தூரத்தை நீங்களே வச்சுக்கங்க. கையை நாளைக்கு எங்க அப்பாவோட வந்து காட்டிக்கிறேன். யார் அடிச்சதுன்னு கேட்டா, கிடான்னு சொல்ல மாட்டேன்.

பிள்ளையைக் குடுங்கக்கா. இந்தப் பக்கத்து இடுப்புல வைங்க, அப்படித்தான். ஏய், பெரியம்மாவுக்கு டாட்டா சொல்லு. பாருங்க, சிரிக்கிறா.

அந்த மஞ்சப்பையா? அது அங்கயே கிடக்கட்டும்கா. இனிமே அவரே போட்டுக்கிடட்டும், கை எட்டினா.